வாய் முந்தி, கை பிந்தி: அப்ரோச் ரேடார் பயிற்சியில் சூடோ பைலட்டின் வேலைச்சுமை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சி மையம் ஒன்றில், அப்ரோச் ரேடார் (விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களை ரேடாரில் பார்த்து வழிநடத்துவது) பாடப்பிரிவின் கடைசி வாரங்களில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை விட்டிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. சிமுலேட்டருக்கு எக்சர்சைஸ் (பயிற்சிக்கான போக்குவரத்துக் காட்சி) எழுதுவது என் வேலை. இங்கே பேசப்படும் எக்சர்சைஸும் நான் எழுதியதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரேடார் சிமுலேட்டரில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்றில் மாணவர், பக்கத்திலோ பின்னாலோ பயிற்றுநர். இன்னொன்றில் சூடோ பைலட். திரையில் ஓடும் எல்லா விமானத்துக்கும் அவர்தான் விமானி. மாணவர் ரேடியோவில் சொல்வதைக் கேட்டு, ரீட்பேக் கொடுத்து (அதாவது கேட்டதைத் திருப்பிச் சொல்லி), ஹெடிங் (விமானம் நோக்கும் திசை, டிகிரியில்), உயரம், வேகம் எல்லாவற்றையும் கணினியில் உள்ளிட வேண்டும். அவர் உள்ளிட்ட பிறகுதான் விமானம் நகரும். இதற்கு மேல், எக்சர்சைஸ் தாளில் எழுதியிருக்கும் நேரத்துக்கு ஒவ்வொரு விமானத்தின் முதல் அழைப்பையும் அவரே பேச வேண்டும். எங்கள் மையத்தில் டவர், பக்கத்து செக்டர் (அடுத்த வான்பகுதியின் கட்டுப்பாடு) ஆகியவற்றின் தொலைபேசிக் குரலும் அவர்தான்.

மாணவரின் வேலைச்சுமையை நாங்கள் அங்குலம் அங்குலமாகத் திட்டமிடுவோம். எத்தனை விமானம், எந்த நிமிடத்தில் நெரிசல், எப்போது அவசரநிலை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சூடோ பைலட்டுக்கு ஒரே ஒரு கணக்குதான் இருந்தது: ஒருவருக்குப் பத்து விமானத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்று நடந்தது

நாற்பத்தைந்து நிமிட எக்சர்சைஸ். ஒரே ஓடுபாதை, 27 (மேற்கு நோக்கித் தரையிறங்குவது). மூன்று திசைகளிலிருந்து வருகைகள், இடையிடையே புறப்பாடுகள். 22ஆவது நிமிடத்தில் ஒரு விமானம் எஞ்சின் கோளாறு என்று ‘பான் பான்’ (மேடேக்கு அடுத்த நிலை அவசர அழைப்பு) சொல்லும். அந்த நேரத்தில் ஃப்ரீக்வென்சியில் (மாணவரின் ரேடியோ அலைவரிசையில்) ஒன்பது விமானங்கள் இருந்தன. சூடோ பைலட் ஒருவர்தான்.

வடக்கிலிருந்து ஹெடிங் 180இல், 3,000 அடியில், 180 நாட் வேகத்தில் ஒரு வருகை வந்துகொண்டிருந்தது. லோக்கலைசரை (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ரேடியோ கற்றையை) பிடிப்பதற்காக, வலப்புறம் திரும்பி ஹெடிங் 240 என்று மாணவர் சொன்னார். ரீட்பேக் உடனே வந்தது, சரியாகவும் வந்தது. ஆனால் விமானம் திரும்பவில்லை. லோக்கலைசரைத் தாண்டித் தெற்கே போய், பிறகு வளைந்து திரும்பி வந்து சேர்ந்தது. அதற்குள் பின்னால் வந்த விமானத்துக்கும் இதற்கும் நடுவே 2.6 கடல் மைல்தான் இருந்தது. தேவை 3 மைல்.

மதிப்பீட்டுத் தாளில் பயிற்றுநர் ‘வெக்டர் தாமதம், கண்காணிப்பு போதாது’ என்று எழுதினார். (ஹெடிங் சொல்லி விமானத்தைத் திருப்புவதுதான் வெக்டர்.) ரன் முடிந்ததும் நடந்த கலந்தாய்வில் மாணவர், “நேரத்துக்குத்தான் சொன்னேன்” என்றார். “எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்” என்பது பதில். அந்த மாணவர் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருந்தவர். அதனால் அந்தப் பதிலை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, நான் உட்பட. மறுநாள் அவர் எழுத்து மூலமாகப் பதிவைக் கேட்டார். அவர் கேட்டிருக்காவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

பதிவைத் திரும்பப் பார்த்தபோது

வழக்கமாகக் கலந்தாய்வில் ரேடார் படத்தையும் குரலையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். சூடோ பைலட்டின் ஒவ்வொரு உள்ளீடும் எந்த வினாடியில் விழுந்தது என்ற கட்டளைப் பதிவு தனியாக ஒன்று உண்டு. கணினி பழுதானால் தொழில்நுட்பப் பிரிவு மட்டும் அதைத் திறந்து பார்க்கும். குரல் பதிவுக் கருவியின் கடிகாரமும் சிமுலேட்டரின் கடிகாரமும் இரண்டு வினாடி வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சரிசெய்து பார்த்தால், ரீட்பேக் முடிந்து 19 வினாடி கழித்துத்தான் ஹெடிங் உள்ளிடப்பட்டிருக்கிறது. 180 நாட் என்றால் நிமிடத்துக்கு 3 மைல். 19 வினாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு மைல். வெக்டர் சொல்லப்பட்ட இடம் சரியாகவே இருந்தது.

அந்த 19 வினாடியில் சூடோ பைலட் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் பதிவில் இருந்தது. ‘பான்’ விமானம் அப்போதுதான் பேசி முடித்திருந்தது. பயிற்றுநர் இன்டர்காமில், ஒரு புறப்பாட்டை வானிலைக்காக விலகிப் போகக் கேட்கும்படி அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் தாளின்படி இன்னொரு விமானத்தின் முதல் அழைப்பு நேரமும் வந்துவிட்டது. அவர் ரீட்பேக் கொடுத்தார், பயிற்றுநருக்குச் சரி என்றார், புது அழைப்பைப் பேசினார், வந்த பதிலுக்கு ரீட்பேக் கொடுத்தார். அப்புறம்தான் ஹெடிங் ஞாபகம் வந்தது.

மாணவர் பக்கமும் தவறு இருந்தது. அந்தத் திரை ஏறத்தாழ நான்கு வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நான்கு புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்ததைப் பார்த்த பிறகும் அவர் மறுபடி கேட்கவில்லை. உண்மையான விமானியும் மறப்பார், கண்காணிப்பது கண்ட்ரோலரின் வேலை என்று பயிற்றுநர் வாதிட்டார். நியாயமான வாதம். ஆனால் ‘கண்காணிப்பு போதாது’ என்பது வேறு, ‘வெக்டர் தாமதம்’ என்பது வேறு. இரண்டாவது நடக்கவே இல்லை.

சூடோ பைலட்டிடம் பேசினேன். ஒன்பது விமானம் அதிகமாக இருந்தால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னால் எனக்கு வேலை தெரியவில்லை என்றுதானே எடுத்துக்கொள்வீர்கள்” என்றார். பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்.

பின்னால் உட்கார்ந்து கவனித்த இரண்டு நாட்கள்

அடுத்த இரண்டு நாட்கள் சூடோ பைலட்டுகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். எக்சர்சைஸ் எழுத ஆரம்பித்ததிலிருந்து நான் ஒருமுறைகூட அந்த அறையில் முழு ரன் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விமானங்களின் எண்ணிக்கை சுமையைக் காட்டவில்லை. நேர்ப்பாதையில் போகும் ஒன்பது விமானங்களைச் சாவகாசமாக ஓட்டினார்கள். இறுதிக்கட்ட வெக்டரில் ஆறு விமானம் வந்தாலே கை திணறியது. ஹெடிங், உயரம், வேகம், அப்ரோச் அனுமதி எல்லாவற்றையும் மாணவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அது சூடோ பைலட்டுக்கு நான்கு உள்ளீடு. அதுவும் கடைசி சில நிமிடங்களில் ஒவ்வொரு விமானத்துக்கும் இது மீண்டும் மீண்டும் நடக்கும்.

எல்லாரிடமும் ஒரே பழக்கத்தைப் பார்த்தேன். சுமை ஏறும்போது ரீட்பேக் தாமதமாவதில்லை, உள்ளீடுதான் தாமதமாகிறது. ரீட்பேக் தாமதமானால் மாணவர் திரும்பச் சொல்வார், பயிற்றுநர் முகம் சுளிப்பார். உள்ளீடு தாமதமானால் யாருக்கும் கேட்காது. அதனால் வாயை முதலில் காப்பாற்றிக்கொள்கிறார்கள். வாயால் சொல்லி முடித்ததும், காரியத்தையே முடித்துவிட்டதுபோல மனதில் ஒரு கதவு மூடிவிடுகிறது. நடுவில் ஒரு குறுக்கீடு வந்தால் அந்தக் கதவு திறப்பதே இல்லை.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. தடுமாறும் மாணவர் திருத்திச் சொல்வார், அழைப்புக்குறியை (ரேடியோவில் விமானத்தைக் கூப்பிடும் பெயரை) மாற்றிச் சொல்வார், தேவைக்கு அதிகமான ஹெடிங் கொடுப்பார். அவருக்கு ஓட்டும் சூடோ பைலட்டின் சுமை அதனாலேயே ஏறுகிறது, உள்ளீடு இன்னும் தாமதமாகிறது. ஆக, பலவீனமான மாணவருக்கு மோசமான விமானங்கள் கிடைக்கின்றன. திறமையான மாணவருக்குச் சொன்ன பேச்சு கேட்கும் விமானங்கள். இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. அனுபவமுள்ள ஒரு சூடோ பைலட், மாணவர் மூழ்குவதைக் கண்டால் அடுத்த முதல் அழைப்பை அரை நிமிடம் தள்ளிப் போட்டார். இரக்கம்தான். ஆனால் தாளில் ஒரே எக்சர்சைஸ், திரையில் இரண்டு வெவ்வேறு எக்சர்சைஸ்.

என் தாளிலும் கோளாறு இருந்தது. கடைசி மூன்று இலக்கம் 472, 427 என்று முடியும் இரண்டு அழைப்புக்குறிகளை ஒரே கால்மணிக்குள் வைத்திருந்தேன். ஒலி மயங்கும் அழைப்புக்குறியை மாணவர் சமாளிக்கப் பழக வேண்டும் என்று நினைத்துச் செய்தது. ஒரே மனிதர் இரண்டு விமானத்துக்கும் குரல் கொடுத்து, இரண்டுக்கும் உள்ளிட வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.

சுமையை எப்படி அளப்பது என்பதில் ஒரு வாரம் போனது. ஐந்து படிகள் கொண்ட உடனடிச் சுயமதிப்பீட்டை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானில் அழுத்தச் சொல்லிப் பார்த்தோம். ஏற்கெனவே கை திணறுபவருக்கு இன்னொரு பொத்தான். ஒருவர் முழு ரன்னிலும் 3ஐயே அழுத்திக்கொண்டிருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. கைவிட்டோம். ரன் முடிந்த பிறகு, வேலைச்சுமையை அளக்கும் நாசா டிஎல்எக்ஸ் படிவத்தை நிரப்பச் சொன்னோம். 1988இல் வெளியான, ஆறு அளவுகோல்கள் கொண்ட அந்தப் படிவம் இன்றும் பரவலாகப் புழங்குவது. நேர நெருக்கடி அதிகம் என்று குறித்தவர்களே, ‘எவ்வளவு நன்றாகச் செய்தேன்’ என்ற அளவுகோலில் தங்களுக்கு நல்ல மதிப்பும் போட்டிருந்தார்கள். பொய்யில்லை. தாங்கள் தவறவிட்டது அவர்களுக்கே தெரியாது.

கடைசியில் உருப்படியாகக் கிடைத்தது, ரீட்பேக் முடிவதற்கும் உள்ளீடு விழுவதற்கும் இடையிலான வினாடிகள். யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லை, பதிவிலேயே இருக்கிறது. இதைப் ‘பின்னடைவு’ என்று அழைக்க ஆரம்பித்தோம்.

முதல் முடிவு

இன்னொரு சூடோ பைலட்டைச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். ஆள் இருந்தது, உடனே செய்யலாம், யாரும் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அழைப்புக்குறிப் பட்டியலை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து இருவருக்கும் கொடுத்தோம்.

நான்கு ரன்னில் இது தோற்றது. சுமை பாதியானது, பார்வையும் பாதியானது. முன்னே போகும் விமானம் ஒருவர் கையில், பின்னே வருவது இன்னொருவர் கையில். வரிசை எப்படி அமைகிறது என்ற மொத்தப் படம் இருவரிடமும் இல்லை. ஒரே அழைப்புக்கு இருவரும் பதில் சொன்னார்கள், அல்லது மற்றவர் சொல்வார் என்று இருவரும் சும்மா இருந்தார்கள். ஒரே நேரத்தில் இருவரும் பேசுவதும் கூடியது. உண்மையான விஎச்எஃப் ரேடியோவில் இருவர் சேர்ந்து பேசினால் கீச்சென்ற ஒலிதான் கேட்கும். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃபே தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த விபத்தின் காரணங்களில் அப்படி மறைந்துபோன ஒரு செய்தியும் உண்டு. எங்கள் குரல் அமைப்போ இரண்டு குரலையும் தெளிவாகக் கலந்து கொடுத்தது. அந்த ஆபத்தையாவது மாணவர் கற்றார் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

இரண்டாவது சுற்று

ஆளைக் குறைக்கவில்லை, பிரிக்கும் கோட்டை மாற்றினோம். ஒருவருக்கு வருகைகள் மட்டும். மற்றவருக்குப் புறப்பாடுகள், கடந்து செல்பவை, அதோடு தொலைபேசிக் குரல்கள் முழுவதும். இறுதி வரிசை முழுக்க ஒரே கையில் இருந்ததால் படம் உடையவில்லை.

இன்டர்காமுக்கு ஒரு விதி வந்தது. ரேடியோவில் பேச்சு ஓடும்போது பயிற்றுநர் காதில் பேசக்கூடாது. புதுச் சிக்கலை நுழைக்க வேண்டுமானால் சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். பழைய காலத்து வழி என்று சிரித்தார்கள். ஆனால் சீட்டு மேசைமேல் காத்திருக்கும், காதில் விழும் குரல் காத்திருக்காது.

விவாதம் சூடுபிடித்தது மூன்றாவது மாற்றத்தில்தான். எங்கள் சூடோ பைலட்டுகளில் ஒருவரிடம் மட்டும் பின்னடைவு எப்போதும் குறைவாக இருந்தது. கவனித்தால், அவர் கேட்கும்போதே உள்ளிடுகிறார். பிறகு திரையில் தான் உள்ளிட்டதைப் பார்த்து ரீட்பேக் கொடுக்கிறார். உண்மையான விமானி அறையிலும் கருவியில் ஹெடிங்கைத் திருப்பிக்கொண்டே ரீட்பேக் கொடுப்பவர்கள் உண்டு. இதில் வேகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. நினைவிலிருந்து ரீட்பேக் கொடுத்தால், வாய் 240 என்று சொல்லும், கை 340 என்று உள்ளிடும். மாணவரால் அதைக் காதால் பிடிக்கவே முடியாது. உள்ளிட்டதைப் பார்த்துச் சொன்னால் ரீட்பேக்கும் 340 என்றே வரும். ரீட்பேக்கைக் கேட்டுத் தவறு இருந்தால் உடனே திருத்துவது கண்ட்ரோலரின் கடமை என்று ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிகள் சொல்கின்றன. மாணவருக்கு அந்தக் கடமையைச் செய்ய ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. ஒளிந்திருந்த தவறு ஃப்ரீக்வென்சிக்கு வந்துவிடுகிறது.

பயிற்றுநர்கள் எதிர்த்தார்கள். ரீட்பேக் இரண்டு மூன்று வினாடி தாமதமாகும், மாணவர் பொறுமையிழந்து திரும்பச் சொல்வார், ஃப்ரீக்வென்சி அடைத்துக்கொள்ளும் என்றார்கள். முதல் வாரம் அப்படியேதான் ஆனது. என்ன செய்வதென்று யோசித்து, ஒரே பேச்சில் மூன்று அறிவுறுத்தலுக்கு மேல் அடுக்கக்கூடாது என்பதை மாணவர்களுக்கு வலியுறுத்தினோம். அது எப்படியும் அவர்கள் கற்க வேண்டிய ஒழுக்கம்தான். அடுத்த வாரத்தில் அடைப்பு குறைந்தது. பழைய முறையை விட முடியாத இருவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களைப் புறப்பாடுகள் பக்கம் வைத்தோம்.

எக்சர்சைஸ் தாளில் விமான எண்ணிக்கையோடு, நிமிடவாரியாக எதிர்பார்க்கும் உள்ளீடுகளின் எண்ணிக்கையையும் எழுத ஆரம்பித்தேன். அவசரநிலைக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடத்துக்கு, வேண்டுமென்றே வைத்தால் தவிர, புது அழைப்பு கிடையாது. ஓய்வு விஷயம் எளிது. மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்க, சூடோ பைலட் மட்டும் தொடர்ந்து நான்கு ரன் உட்கார்ந்திருந்தார், அதை இரண்டாக்கினோம். குரலைத் தானாகப் புரிந்துகொண்டு விமானத்தை ஓட்டும் மென்பொருள் பற்றியும் பேச்சு வந்தது. எங்கள் கைவசம் அது இல்லை, பேச்சு அங்கேயே நின்றது.

என்ன ஆனது

அந்த மாணவருக்கு அதே அளவு கடினமான வேறொரு எக்சர்சைஸை, இரண்டு சூடோ பைலட்டுகளுடன் கொடுத்தோம். தேறினார். கண்காணிப்புப் பற்றிய குறிப்பு இந்த முறையும் வந்தது, அது உண்மையும்கூட. பழைய தாளில் ‘வெக்டர் தாமதம்’ என்ற சொற்களைப் பயிற்றுநர் தன் கையாலேயே அடித்துக் கையெழுத்திட்டார். அதைச் செய்ய அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

நெரிசல் நேரத்துப் பின்னடைவு பெரும்பாலும் ஐந்தாறு வினாடிக்குள் வந்தது. அழைப்புக்குறி மாறி உள்ளிடுவது முற்றிலும் நிற்கவில்லை.

எதிர்பாராத ஒன்றும் வந்தது. விமானங்கள் இப்போது சொன்னவுடன் திரும்பியதால் மாணவர்கள் அதற்கே பழகிவிட்டார்கள். நேரடிப் பணியிடப் பயிற்சிக்குப் போனதும், நிஜ விமானங்கள் மெதுவாகத் திரும்புவது அவர்களைத் தடுமாற வைக்கிறது என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். நிஜத்தில் விமானிக்கும் சில வினாடி ஆகும், விமானம் சாயவும் நேரம் ஆகும். எனவே சில விமானங்களுக்குத் தாளிலேயே தாமதம் எழுதினேன்: இந்த விமானம், இந்தக் கட்டத்தில், எட்டு வினாடி. பழைய தாமதத்துக்கும் இதற்கும் வித்தியாசம், மதிப்பிடுபவருக்கு இது முன்கூட்டியே தெரியும்.

மறுபடி செய்தால்

சூடோ பைலட்டையும் கலந்தாய்வில் உட்கார வைப்பேன். அன்று அவர் அறைக்குள் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய விஷயம். இப்போது அழைக்கிறோம், ஆனால் அடுத்த ரன்னுக்கு உட்கார வேண்டியிருப்பதால் பாதி நாட்களில் அவர்களால் வர முடிவதில்லை.

ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பின்னடைவை அளந்திருப்பேன். முதல் முடிவை அவசரத்தில் எடுத்ததால் நான்கு மாணவர்களின் ரன்கள் வீணாயின. அவற்றை மதிப்பீட்டில் சேர்க்கவில்லை என்றாலும் அவர்களுடைய சிமுலேட்டர் நேரம் போனது போனதுதான். ஒருவர் தோல்வியடைந்த எந்த ரன்னுக்கும் கட்டளைப் பதிவைப் பார்க்காமல் கையெழுத்துக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அது விதியாகிவிட்டது. தேறிய ரன்களுக்கும் பார்க்க வேண்டும் என்றேன்; நேரமில்லை என்று ஒதுக்கப்பட்டது. தள்ளிப்போடப்பட்ட அழைப்புகளால் தேறியவர்களும் இருப்பார்கள் என்பதால் அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முந்தைய அணிகளில் ‘வெக்டர் தாமதம்’ என்ற குறிப்போடு பாடப்பிரிவிலிருந்து வெளியேறியவர்கள் இரண்டு பேர். அவர்களின் பதிவுகளைத் தேடினேன். நிஜக் கட்டுப்பாட்டு அறைப் பதிவுகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியையே சிமுலேட்டருக்கும் பின்பற்றி, 30 நாளில் அழித்துவிடும்படி அமைத்திருந்தார்கள். இருவருடைய தாள்கள் மட்டும் கோப்பில் இருக்கின்றன.